ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மணி

ஊர் அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவில் ஒட்டியிருந்த தாளில் மூன்று தொலைபேசி எண்கள். உள்ளே பார்க்க விரும்புகிறவர்கள் எந்த எண்ணை வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று எழுதி, நடு எண்ணை மட்டும் பேனாவால் அடித்திருந்தார்கள். அந்த எண்ணுக்குரியவர் ஊரைவிட்டுப் போனாரா, உலகத்தைவிட்டே போனாரா என்று தெரியவில்லை.

வெர்லின் முதல் எண்ணைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஆர்லிஸ் கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் தன் தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் ஊரிலிருக்கும் தோழி ஜெனெலின் செய்தி இருந்தது. காலையில் வந்தது, இதுவரை ஆறு தடவை படித்தாயிற்று. 'இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு வரைக்கும்தான் பாஸ்டர் வீட்டை உனக்குன்னு நிறுத்தி வைப்பாங்களாம். அதுக்கு மேல வேற ஆளுக்குப் போயிடும். ஆமாவோ இல்லையோ, ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைடி.'

மூன்று தேவாலயங்களுக்குச் சேர்த்து ஒரே போதகர் என்று ஆனதிலிருந்து, மின்னசோட்டாவில் அவர்கள் ஊர் லூதரன் தேவாலயத்தை ஒட்டிய போதகர் வீடு காலியாகக் கிடந்தது. இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த சமையலறை. அதை வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று செவ்வாய்க்கிழமை ஜெனெல் சொன்னாள். இன்று வெள்ளி. இந்த மூன்று நாளில் ஆர்லிஸ் வெர்லினிடம் எத்தனையோ பேசியிருக்கிறாள். பின்சக்கரத்துக் காற்றைப் பற்றி, மழை வருமா வராதா என்பதைப் பற்றி, பக்கத்து வண்டிக்காரர்களின் நாயைப் பற்றி. இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

தெருவோரத்தில் நாலு கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு அவர்களுடைய வண்டிவீடு நின்றது. முப்பத்திரண்டு அடி நீளம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. இருந்த வீட்டை விற்று, இருந்த சாமான்களைப் புல்வெளியில் பரப்பி வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் பதினாலு மாதமாகிறது. குளிர்காலத்துக்கு அரிசோனாவில் ஆறு மாதம் நிறுத்த இடம் சொல்லி வைத்திருந்தார்கள். அங்கே போகிற வழியில்தான் தெற்கு டகோட்டாவின் இந்தச் சிற்றூர்.

அவளை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் சாலை வரைபடத்தை விரித்து வைத்து, "கிளம்பிடலாமா ஆர்லி?" என்று வெர்லின் கேட்டபோது "சரி" என்று சொன்னவள் அவள்தான். சொன்ன பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவியதும் அவளுக்கு நினைவிருக்கிறது. கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் அப்போது இல்லை.

"வர்றாங்களாம்" என்றான் வெர்லின். தெருவின் அந்தக் கோடியில் மாவு படிந்த மேலங்கியோடு ஒரு பெண்மணி ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். எழுபது வயதிருக்கும். கையில் சாவி.

"டெலோரஸ்" என்று பெயரைச் சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க, என்னால கூட நிக்க முடியாது. இன்னைக்கு ஊர்ல ஒரு அடக்கம். பத்தரைக்குப் பூசை. மெது மணியில பத்தரை. ஆத்துக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரங்க வேக மணியைப் பாத்துட்டு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, சர்ச்சுக்குக் கீழ உக்காந்து என் கேக்கைக் காலி பண்ணிட்டிருக்காங்க. வருஷாவருஷம் சாவுறாங்க, வருஷாவருஷம் இதே கதைதான்."

வெர்லின் சிரித்தான். இந்தப் பக்கத்தில் மிசௌரி ஆறுதான் எல்லை. அதற்குக் கிழக்கே எல்லாக் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அது வேக மணி; மேற்கே வந்தால் பின்னால், அது மெது மணி. நேற்று மாலை பாலத்தைத் தாண்டியபோது வெர்லின் தன் கைக்கடிகாரத்தைத் திருகி வைத்தான். ஆர்லிஸின் தொலைபேசி யாரையும் கேட்காமல் தானே மாற்றிக்கொண்டது.

"பாத்து முடிச்சதும் விளக்கெல்லாம் அணைச்சுட்டு, சாவியை எதிர்த்தாப்புல காபிக் கடை தபால் பெட்டியில போட்டுட்டுப் போங்க" என்றாள் டெலோரஸ்.

"எங்களை நம்பியா?" என்றான் வெர்லின்.

"திருடணும்னா அந்த ஆர்கனைத் திருடுங்க. மூணு நிக்குது. புண்ணியமாப் போகும்." பிறகு தெருவைப் பார்த்தாள். "அந்தக் கப்பல் உங்களோடதா? கேஸ் கீஸ் ரொப்பணும்னா இப்பவே ஓடுங்க. பத்தேகாலுக்குக் கூட்டுறவுக் கடைக்காரங்களும் பூட்டிட்டு சர்ச்சுக்கு வந்துடுவாங்க. சாப்பாடு முடிஞ்சு எப்பத் திறப்பாங்கன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

அடுப்புக்கான கேஸ் தீர்ந்துதான் போயிருந்தது. உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுவது என்று ஆர்லிஸ் முடிவு செய்திருந்தாள். ஆளில்லாத இடம், அவனுக்குப் பிடித்த இடம். வார்த்தைகளைக்கூட வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் வெர்லின், "நீ பாத்துக்கிட்டிரு, பழைய தபால் சாமான் ஏதாவது இருந்தா எங்கன்னு பாத்து வை, நான் வந்து பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டான். போகாதே, ஒரு நிமிஷம் நில் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"சரி" என்றாள்.

அது ஒரு பழைய வங்கிக் கட்டடம். பணம் கட்டிய கம்பிச் சன்னலுக்குப் பின்னால் இப்போது முள்கம்பி மாதிரிகள் பலகையில் ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தன. வருகைப் பதிவேடு இருந்த மேசையின் மேல் டெலோரஸின் கையெழுத்தில் ஓர் அட்டை: 'இனிமேல் வாங்குவதில்லை — ஆர்கன், தையல் மெஷின், கல்யாண உடை, கலைக்களஞ்சியம். யார் அழுதாலும்.' கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் கோடு போட்டிருந்தது. ஆர்லிஸ் தனியாகச் சிரித்தாள். சிரித்த சத்தம் உயரமான கூரையில் பட்டுத் திரும்பி வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பத்து மணி பத்து நிமிஷம். இன்னும் நேரம் இருக்கிறது.

அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. இரும்புப் பெட்டக அறைக்குள் போனாள். பூச்சி அரிக்காமல் இருக்க அங்கே பதினொரு கல்யாண உடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெளியே வந்தாள். ஊர்ப் பள்ளியில் படித்து முடித்தவர்களின் படங்கள் ஆண்டுவாரியாகச் சுவரில் இருந்தன. ஒரு படத்தில் இருபது முகம், அடுத்ததில் பதினாறு, ஒன்பது, நாலு, பிறகு படமே இல்லை. வெர்லின் இருந்தால் இங்கே அரை மணி நேரம் நிற்பான். முப்பத்தொரு வருடம் கிராமத் தபால்காரனாக இருந்தவன். காரில் நடுவில் உட்கார்ந்து இடது கையால் ஓட்டி வலது கையால் சாலையோரப் பெட்டிகளில் கடிதங்களைப் போட்டுக்கொண்டு, தினம் தொண்ணூற்றி நாலு மைல், அதே சாலை, அதே பெயர்கள். எழுதிய பெயர் எதைக் கண்டாலும் அவனுக்குப் படிக்காமல் போக முடியாது. ஆனாலும் அந்தத் தொண்ணூற்றி நாலு மைலைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாச் சாலையிலும் போய்விட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அதில் என்ன தப்பு? தப்பே இல்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டம். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

பின்னறையில் சமையலறை. எல்லா ஊர் அருங்காட்சியகத்திலும் ஒரு சமையலறை இருக்கும். விறகடுப்பு, மாவுப் பெட்டி, மேசை, குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்மைப் பெண். துணிக்கடையிலிருந்து வாங்கிய ஆண் பொம்மைக்குச் சவுரி வைத்துப் பாவாடை கட்டியிருந்தார்கள். தாடை அகலமாக, கொஞ்சம் கோபமாக இருந்தது. பக்கவாட்டு மேடையில் அறுபது பேருக்குக் காபி போடும் பெரிய டிரம் ஒன்று, இதற்குச் சம்பந்தமே இல்லாமல் பளபளவென்று நின்றது.

பதினாலு மாதத்தில் இப்படி எத்தனை சமையலறைகளைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் அவளுக்கு மூச்சு முட்டும். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவள். பதினொன்று இருபதுக்கு மணி அடிக்கும், நூற்று நாற்பது பிள்ளைகள் தட்டோடு நிற்பார்கள். அந்த நேரத்தில் அவள் இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடும். இப்போது பதினொன்று இருபதுக்கு ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், கைகள் மடியில் கிடக்கும், அவை யாருடைய கைகளோ போல. ஓய்வு என்று எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

ஆர்லிஸ் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். நாற்காலியில் 'உட்கார வேண்டாம்' என்று சீட்டு இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தரை ஆடவில்லை. அவ்வளவுதான். ஆனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று முழங்காலுக்குத் தெரிந்தது. வண்டிவீட்டில் வெர்லின் புரண்டு படுத்தால்கூடத் தரை அசையும்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ.

"ஐயோ, பொம்மைன்னுல்ல நெனச்சேன்!"

வாசல் பக்கம் ஒரு கிழவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தலையில் அகன்ற தொப்பி, வளைந்த கால்கள். "இங்க ரெண்டு பொம்மை எப்ப வாங்கினாங்கன்னு யோசிச்சேன். அதுல ஒண்ணு கண்ணைச் சிமிட்டுது."

ஆர்லிஸ் துள்ளி எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க, நான் சும்மா..."

"உக்காரும்மா, உக்காரு. நான் ஹார்லன். டெலோரஸ் சர்ச்சுலதானே? நல்லாத் தெரியுமா?"

"பத்தரைக்குப் பூசைன்னாங்க. நீங்க போகலையா?"

"அவன் சாவுக்கா? எம்பத்தெட்டுல என் வேலியை அறுத்தவன். நான் செத்தா அவன் வந்திருப்பானா?" பதிலுக்குக் காத்திராமல் அவள் கையைச் சுட்டிக்காட்டினார். "சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமா, ஆனா..."

"அப்ப நீதான் மியூசியம். ஒரு கை பிடி."

வாசலில் அவருடைய பிக்கப் வண்டி பின்பக்கமாக ஒட்டி நின்றது. சாய்வுப் பலகைகூடப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அதன் மேல் போர்வை சுற்றி ஒரு சாமான். காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் என்று போர்வையை எடுக்காமலே தெரிந்தது.

"டெலோரஸ் இதை வேண்டாம்னாங்களா?" என்றாள் ஆர்லிஸ்.

"ரெண்டு தடவை. அதனாலதானே இன்னைக்கு வந்தேன்." வெட்கமே இல்லாமல் சிரித்தார். "இன்னைக்கு ஒரு நாள்தான் ஊரே சர்ச்சுக்குள்ள இருக்கும். ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வந்து என்னை ராப்பிட் சிட்டிக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. பண்ணையை வித்தாச்சு. நீ வேண்டாம்னு சொன்னா இதைக் குப்பைமேட்டுல தள்ளிட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. உள்ள எலி வேற குட்டி போட்டிருக்கு."

மேசை மேல் அட்டை இருந்தது. யார் அழுதாலும். இவர் அழவில்லை. ஆர்லிஸுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும், அது மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ உள்ள வார்த்தை, எல்லாக் குழந்தைகளும் முதலில் கற்றுக்கொள்வது. அவள் வாய்க்குள் அது உருண்டது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றாள்.

இருவரும் மூச்சு வாங்க அதைத் தள்ளி உள்ளே கொண்டுவந்து மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஹார்லன் பெட்டி மேல் சாய்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டார்.

"உங்க மனைவி வாசிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"ஓபலா? இருந்த வரைக்கும் வாசிப்பா. பிடிச்சுத்தான் வாசிச்சாளான்னு கேட்டா எனக்குத் தெரியாது." அவர் குரலில் சலிப்பு ஏறியது. "அவகிட்ட எதுவும் தெரிஞ்சுக்க முடியாதும்மா. சுவத்துக்கு என்ன வண்ணம் அடிக்கலாம்? உங்க இஷ்டம். ஊருக்குப் போகலாமா, இங்கயே இருக்கலாமா? உங்க இஷ்டம். அம்பத்தோரு வருஷம். கிணத்துக்குள்ள கத்துற மாதிரி, நான் கத்தினதே எனக்குத் திரும்பி வரும். எல்லாரும் என்னை மகராசன்னு சொல்லுவாங்க, சண்டையே போடாத பொண்டாட்டின்னு. எனக்குத்தான் தெரியும், யாரோட குடும்பம் நடத்தினேன்னே தெரியலை. எரிச்சலா வரும். இப்பவும் வருது."

ஆர்லிஸுக்கு முதுகில் வேர்த்தது. ஆர்கன் தள்ளியதால் இருக்கலாம்.

"பண்ணையை விட்டுப் போறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமா? அந்தக் குன்றை எம்பது வருஷமாப் பாத்தாச்சு. அதுவும் என்னைப் பாத்துச் சலிச்சிருக்கும்." வாசலுக்குப் போனவர் திரும்பினார். "டெலோரஸ் கேட்டா, நான் அழுதேன்னு சொல்லு."

பிக்கப் போன பிறகு ஆர்லிஸ் தொலைபேசியைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தெட்டு. இன்னும் ஒரு மணி நேரம். அவள் வாசலுக்கும் ஆர்கனுக்கும் நடுவில் நடந்தாள், திரும்பி நடந்தாள். யாரோட குடும்பம் நடத்தினேன்னே தெரியலை. முப்பத்தெட்டு வருடம் சரி சரி என்று சொன்னதை அவள் அன்பு என்றுதான் எண்ணியிருந்தாள். விட்டுக்கொடுத்தல் என்று அதற்கு நல்ல பெயரும் வைத்திருந்தாள். ஆனால் எதை விட்டுக்கொடுத்தாள் என்று வெர்லினுக்கு ஒரு நாளும் தெரியவிட்டதில்லை. கேட்டவர் கையில் ஒரு சரியைக் கொடுத்துவிட்டு அவள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். அதில் சாமர்த்தியம் இருந்தது. கொஞ்சம் திமிர்கூட இருந்ததோ என்னவோ.

வெர்லின் வந்தபோது பதினொன்று தாண்டியிருந்தது. "தெரு முழுக்கக் கார். ஊரையே சுத்திக்கிட்டு வந்தேன். தபால் சாமான் கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவன், தரையில் புதிதாக விழுந்திருந்த கீறலைப் பார்த்தான். கீறல் போன வழியே போய் ஆர்கனைப் பார்த்தான். "இங்க மூணுன்னுதானே சொன்னாங்க?"

அவள் சொல்வதற்குள் டெலோரஸே வந்துவிட்டாள். "கல்லறைக்குப் போயிருக்காங்க, வந்ததும் காபி கேப்பாங்க. அந்த டிரம்மை எடுக்க வந்தேன்" என்று சமையலறைப் பக்கம் போனவள் நாலாவது ஆர்கனைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஹார்லன்" என்றாள். கேள்வியாகக்கூட இல்லை.

"ஆமா" என்றாள் ஆர்லிஸ்.

"அட்டையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"கேட்டார். சரின்னுட்டேன்."

"கேட்டாரா! உங்க கிட்னியைக் கேட்டா?"

வெர்லின் விழுந்து விழுந்து சிரித்தான். "அவ கொடுத்துடுவா. யாரு எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாது என் பொண்டாட்டிக்கு. இல்லாட்டி என்னைக் கட்டியிருப்பாளா?" என்று சொல்லி அவள் தோளில் கை போட்டான். பெருமையாகத்தான் சொன்னான். எத்தனையோ விருந்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்த வேடிக்கைதான்.

ஆர்லிஸ் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். செவ்வாய்க்கிழமையிலருந்து சொல்லணும்னு இருக்கேன்."

டெலோரஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் போய்ப் பின்னால விளக்கை அணைக்கிறேன்" என்று சொல்லி நகர்ந்தாள்.

"உடம்புக்கு ஏதாவதா?" வெர்லினின் முகம் மாறியது.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நம்ம ஊர் பாஸ்டர் வீட்டை வாடகைக்கு விடுறாங்க. எனக்கு அது வேணும். எனக்கு அரிசோனா வேண்டாம் வெர்லின்."

பின்னறையில் ஒரு விளக்கு அணைந்தது.

"செவ்வாய்க்கிழமையா?" என்றான் அவன். அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். "செவ்வாய், புதன், வியாழன். நேத்து ஆத்துப் பாலத்துல நிறுத்திச் சூரியன் விழறதைப் பாத்தோமே, அப்பவும் மனசுல இதுதானா? அழகா இருக்குன்னு சொன்னியே?"

"அழகாத்தான் இருந்துச்சு."

"எது நெசம், எது பொய்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பதினாலு மாசமா? சொல்லு, எல்லோஸ்டோன்ல நீ சிரிச்சது?"

"அது நெசம்."

"மொன்டானாவுல?"

"மொன்டானாவுல எனக்குப் பல் வலி. உன்கிட்ட சொல்லலை."

பெட்டக அறை விளக்கு அணைந்தது. பதினொரு கல்யாண உடைகளும் இருட்டில் போயின. வெர்லின் பக்கத்திலிருந்த ஆர்கனின் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். எலி வாசனை வந்தது.

"ஏன் சொல்லலை?" என்றான் மெதுவாக.

"சொன்னா நீ நிறுத்திடுவே. நீ நிறுத்திட்டா அது என்னாலதான்னு ஆகும். அதான்." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. அவனுக்காக என்று எண்ணியிருந்ததெல்லாம் தன் மேல் பழி வராமல் இருக்கத்தான். "பன்னெண்டு மணிக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. உன்னைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னுதான்..."

"எந்தப் பன்னெண்டு?" என்றான் வெர்லின்.

அவள் அவனைப் பார்த்தாள்.

"ஆர்லி, அங்க வேக மணி. அங்க இப்போ பன்னெண்டேகால்."

கையிலிருந்த தொலைபேசி பதினொன்று பதினாறு என்று காட்டிக்கொண்டிருந்தது. அவள் ஜெனெலைக் கூப்பிட்டாள். விரல் இரண்டு தடவை தவறியது.

"இப்பத்தான் உனக்கு விடிஞ்சுதா?" ஜெனெலின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "பன்னெண்டு அடிச்சதும் அந்தப் புது டீச்சர் பொண்ணு வந்து கையெழுத்துப் போட்டுட்டாடி. நான் வாசல்லயே நின்னு அவகிட்ட கெஞ்சிப் பாத்தேன், அஞ்சு நிமிஷம் இரு, அஞ்சு நிமிஷம் இருன்னு. எங்கடி இருக்கே நீ?"

"ஆத்துக்கு இந்தப் பக்கம்" என்றாள் ஆர்லிஸ். பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தாள்.

வெர்லின் தலையைக் குனிந்திருந்தான். அவன் தோள்கள் இறங்கியதை அவள் கவனித்தாள். கொஞ்சம்தான் இறங்கின. வருத்தமாக இருக்க வேண்டும் என்று அவன் முயற்சி செய்வதும் தெரிந்தது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம், அவன் நிம்மதியின் உருவம் அவளுக்கு அத்துப்படி.

"சரி, விடு" என்றான் அன்பாக. "நடந்தது நடந்துபோச்சு. வசந்தத்துல திரும்பி வரும்போது வேற வீடு ஏதாவது பாக்கலாம். இப்ப கிளம்பினா இருட்டுறதுக்குள்ள..."

"இல்ல" என்றாள் ஆர்லிஸ்.

அது அவள் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். "இல்ல. நான் வரலை."

"வீடு போயிடுச்சே ஆர்லி."

"போகட்டும். அந்த வீடு இல்லாட்டியும் நான் வரலை." வீடு இருந்தபோது அதைக் காட்டிப் பேசலாம், கிழக்குப் பார்த்த சமையலறை, ஜெனெல் பக்கத்துத் தெரு என்று. இப்போது காட்ட எதுவும் இல்லை. அவள் மட்டும்தான் இருந்தாள். "ஜெனெல் வீட்டு மாடியில இருப்பேன். இல்ல, முதியோர் இல்லத்துல சமையலுக்கு ஆள் வேணும்னு எப்பவும் கேட்டுட்டே இருக்காங்க, அங்க ஏதாவது அறை கொடுப்பாங்க. தெரியலை. ஆனா பனி விழறதுக்குள்ள அசையாத தரையில நிக்கணும் எனக்கு."

"நான்?"

"நீ போகணும்னா போ. நெசமாத்தான் சொல்றேன், கோபத்துல இல்ல. உனக்கு அது பிடிச்சிருக்கு. நான் உன்னை இழுத்துட்டு வந்தேன்னு இருக்கக் கூடாது."

"தனியாவா? அரிசோனாவுல நான் தனியா என்ன பண்ணுவேன்? முட்டையைக்கூட..."

"முட்டை வேகவைக்க உனக்குத் தெரியும்" என்றாள். "தெரியாத மாதிரி நீ இருந்தே. நானும் விட்டுட்டேன்."

முன்னறை விளக்கு ஒன்றுதான் பாக்கி. அதன் சுவிட்சருகே டெலோரஸ் காபி டிரம்மைக் குழந்தை போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். "எனக்கு எதுவும் கேக்கலை" என்றாள். "ஆனா கல்லறையிலருந்து கிளம்பியிருப்பாங்க."

மூவரும் வெளியே வந்தார்கள். டெலோரஸ் பூட்டினாள். தெருவில் காற்று பலமாக வீசியது, கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. "பன்றித்தொடை பன் மிச்சம் இருக்கும். உங்களுக்கும் வேணும்னா வாங்க, செத்தவரைத் தெரிஞ்சிருக்கணும்னு கட்டாயமில்ல" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள்.

வெர்லின் வண்டியின் கதவைத் திறந்தான், ஏறவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்று சாலையின் மேற்குப் பக்கத்தைப் பார்த்தான், பிறகு கிழக்குப் பக்கத்தை. தானியம் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனபோது வண்டிவீடு முழுவதும் ஒரு தடவை ஆடி நின்றது.

"எனக்கு இப்பக் கோபமா வருது" என்றான். "நல்லா வருது. சொல்லிட்டேன்."

"வரட்டும்."

"அரிசோனாக்காரனை நான் கூப்பிடப் போறதில்லை. வரலைன்னு நீயே சொல்லிக்கோ."

"எண்ணைக் கொடு" என்றாள் ஆர்லிஸ்.

அவன் அவளையே பார்த்தான். அவள் முகத்தில் அவனுக்குத் தெரியாத எதையோ தேடுவது போல, வெகுநேரம் பார்த்தான். அவளுக்கு அந்தப் பார்வை கூசியது. கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கி, வண்டியின் பக்கச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தாள்.